மூக்கன் கறையான் இரண்டு: பிரித்துப் பார்ப்பது எப்படி?

போர்னியோக் காட்டில் மரத்தை அண்டி வாழும் கறையான்களில் என்னை அதிகம் குழப்பியவை இரண்டு: நாசுட்டிடெர்மிஸ் மட்டாங்கென்சிஸ், ஹாஸ்பிடாலிடெர்மிஸ் ஹாஸ்பிடாலிஸ். இரண்டையும் 1898இல் அறிவியல் உலகுக்கு முதலில் விவரித்தவர் ஹாவிலண்ட் என்ற ஆய்வாளர். முன்னதன் பெயரில் இருப்பது போர்னியோவின் சரவாக் மாநிலத்திலுள்ள மாத்தாங் என்ற இடம். இரண்டிலும் சிப்பாய் கடிக்காது, நீண்ட மூக்கால் பசையைப் பீய்ச்சும்.

1. நடையைப் பாருங்கள். ஹாஸ்பிடாலிஸ் கருத்த உடம்போடு திறந்தவெளியில் ஊர்வலம் போகும். நடுவில் வேலைக்காரர்கள், இரு ஓரத்திலும் சிப்பாய்கள். முதல் தடவை எறும்பு என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன்! திரும்பும்போது வாயில் சிறு உருண்டை இருக்கும். மரப்பட்டையில் சுரண்டிய லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் படலம்) அது. மட்டாங்கென்சிஸ் மரம் தின்னி. வெளிறிய வேலைக்காரர்கள் மூடிய குழாய்ப் பாதைக்குள்தான் போவார்கள்.

2. புற்று. மட்டாங்கென்சிஸின் புற்று மரத்தில் பழுப்புப் பந்துபோல் ஒட்டியிருக்கும். ஹாஸ்பிடாலிஸ் பெரும்பாலும் பொந்துக்குள்.

3. சிப்பாய்களை எடுங்கள், ஐந்தாறு போதும் (வனத்துறை அனுமதியோடு). இடுக்கி வேண்டவே வேண்டாம், மூக்கு ஒடியும். எத்தனாலில் நனைத்த மெல்லிய தூரிகையே என் கட்சி. 80% எத்தனால் குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை கரைந்து, எந்த மரத்துக் கறையான் என்றே தெரியாமல் ஒரு நாள் உழைப்பு எனக்கு வீணானது.

4. தலை. நான் சறுக்கியது இங்கேதான். பக்கவாட்டில் கிடக்கும் சிப்பாயைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு மாலை முழுக்க அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டில் கொஞ்சம் நுண்மணல் பரப்பி, எத்தனால் ஊற்றி, உடம்பை அதில் புதைத்துத் தலையை நேர் மேலிருந்து பாருங்கள். உணர்கொம்புகளுக்குப் பின்னால் தலை இடுப்புபோல் சுருங்கினால் ஹாஸ்பிடாலிடெர்மிஸ் பக்கம். சுருங்காமல் உருண்டிருந்தால் நாசுட்டிடெர்மிஸ். 10 மடங்கு கைலென்ஸில் தெரியும். போனில் மாட்டும் லென்ஸ் எனக்குப் பிடிக்கவில்லை, கை ஆடினால் போச்சு.

பின்சேர்க்கை: “பந்துப் புற்றில் எடுத்தேன், தலையில் இடுப்பும் இருக்கிறதே?” என்று ஒருவர் கேட்டார். அது பல்பிடெர்மிஸ் என்ற இன்னொரு மூக்கன் கறையான் வகையாக இருக்கலாம். காலையும் உணர்கொம்பையும் பாருங்கள்: ஹாஸ்பிடாலிடெர்மிஸில் நெடுநெடுவென்று இருக்கும், பல்பிடெர்மிஸில் குட்டை.

இன்னொருவருக்கு நண்பகலில் ஊர்வலமே கண்ணில் படவில்லையாம். அவை இரவில் மேய்பவை. விடிந்ததும் போங்கள், திரும்பி வரும் கூட்டத்தைப் பிடிக்கலாம்.