இட்டேரி ஓரத்தில் ஒரு ஓஎல்டி ரூம் கட்டுவது எப்படி?

காங்கேயத்துக்கும் வெள்ளக்கோவிலுக்கும் நடுவில், ஒரு இட்டேரி (வேலிகளுக்கு நடுவில் போகும் பாதை) ஓரமாக எங்கள் ஓஎல்டி ரூம் நிற்கிறது. வீடுகளுக்கு ஃபைபர் கேபிளில் இன்டர்நெட் அனுப்பும் பெட்டிதான் ஓஎல்டி. எட்டுக்கு ஆறடி. இது இரண்டாவது. முதலில் தோட்டத்துப் பழைய மோட்டார் ரூமிலேயே பெட்டியை வைத்திருந்தேன். ஒரு சித்திரை மழையோடு அதன் கதை முடிந்தது. ஃபைபரை ஒட்டும் ஸ்பிளைசிங், சிக்னலைப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் கணக்கெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ரூமை மட்டும் பார்ப்போம்.

1. இடம்

ஓஎல்டி ஃபைபரில் அனுப்பும் ஜிபான் சிக்னல் 20 கிலோமீட்டர் வரை போகும், அதனால் ஊர் நடுவில் இடம் தேட வேண்டாம். தண்ணீர் நிற்காத மேடு, வண்டி போக வழி, கூப்பிடு தூரத்தில் ஒரு சாளை (தோட்டத்து வீடு) இருந்தால் போதும். ஆள் நடமாட்டம் இருந்தால் பேட்டரி களவு போகாது. காட்டுக்காரர் "நம்ம மோட்டார் கரண்டையே எடுத்துக்குங்க தம்பி" என்பார். எடுக்காதீர்கள். விவசாய இலவச மின்சாரத்தை வியாபாரத்துக்கு இழுத்தால் மாட்டிக்கொள்வது அவர் சர்வீஸ். தனி கமர்ஷியல் சர்வீஸ் வாங்கிவிடுங்கள்.

2. கட்டடம்

ஹாலோ பிளாக் சுவர், மேலே கான்கிரீட். தகரம் வேண்டவே வேண்டாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று மண்ணை வாரிக்கொண்டு வரும், மேற்குச் சுவரில் ஓட்டையே விடாதீர்கள். கிழக்கே கீழே வலை போட்ட ஜன்னல், வடக்கே உச்சியில் ஆறு இஞ்ச் எக்ஸாஸ்ட். நூறு வாட் சூட்டுக்கு ஏசி தண்டச் செலவு.

3. பேட்டரி

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் மாலை 5 மணிக்குத்தான் வரும். அந்த எட்டு மணி நேரம்தான் அளவு. ஃபேனையும் சேர்த்து 100 வாட் என்றால் 800 வாட்அவர். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்அவர்) பேட்டரியில், இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்அவர் இருக்கிறது. இன்வெர்ட்டர் நட்டம் போக, பாதிக்குக் கொஞ்சம் மேல் தீரும். பேட்டரி வகையில் டியூபுலர் (குழாய்த் தகடு) தான் என் கட்சி. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பேட்டரி ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அதனால் ஓஎல்டி மாட்டிய ரேக்கிலிருந்து தள்ளி, ஜன்னலோரம் வையுங்கள். ஆசிட் ஆவியும் வெளியே போகும்.

4. எர்த்

நான் கோட்டை விட்டது இங்கேதான். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் எங்கே கரண்ட் வரும் என்று இருந்துவிட்டேன். ஆனால் கேபிளைத் தாங்கும் கம்பி இரும்பு. அதை அப்படியே உள்ளே கொண்டுவந்து ரேக்கில் கட்டியிருந்தேன். அந்தச் சித்திரை மழையில், கேபிள் போகும் வழியில் ஒரு பனையில் இடி விழுந்தது. காலையில் கதவைத் திறந்தால் கருகல் வாடை. கம்பியைப் பிடித்த கிளாம்பிலிருந்து ஓஎல்டி திருகு வரை சுவரில் விரலால் இழுத்த மாதிரி ஒரு கரிக்கோடு.

இன்னொரு தப்பும் இருந்தது. ஈபி எர்த் ஒரு குழி, ரேக் எர்த் வேறு குழி, இரண்டுக்கும் இணைப்பே இல்லை. இடி நேரத்தில் இரண்டு குழிக்கும் நடுவே வோல்டேஜ் எக்கச்சக்கமாக விலகும், அது சமமாவதற்குக் குறுக்கே போன பாதை என் ஓஎல்டி.

இப்போது இரும்புக் கம்பியை வெளிக் கம்பத்திலேயே வெட்டி, அங்கேயே எர்த்தில் கட்டிவிட்டேன். உள்ளே வருவது உலோகமில்லாத கேபிள் மட்டும். எல்லா எர்த்தும் ஒரே செம்புப் பட்டையில் சேர்கின்றன. நம் பக்கம் நாலடியில் சுக்கான் பாறை தட்டும், ஒரு குழி பத்தாது. எர்த் பைப் நீளத்துக்குக் குறையாத இடைவெளியில் மூன்று குழி எடுத்து இணையுங்கள். எர்த் மின்தடை 5 ஓமுக்குள் வர வேண்டும். ஐப்பசி ஈரத்தில் அளந்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள், சித்திரையில் அளந்து பாருங்கள்.

பின்சேர்க்கை: பல்லடத்திலிருந்து ஒருவர், தறிக்குடோன் பக்கத்தில் ஜன்னல் வலை ஒரே வாரத்தில் பஞ்சால் அடைத்துக்கொள்கிறது என்று எழுதியிருந்தார். கழற்றி மாட்டும்படி இரண்டு வலை செய்துகொள்ளுங்கள், ஒன்று துவைத்துக் காயும்போது இன்னொன்று மாட்டியிருக்கும். பல்லி, எலிக்கு: கேபிள் வரும் பைப் வாயில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்துவிடுங்கள். துணி வைத்தால் எலி ஒரே ராத்திரியில் கடித்துவிடும்.