பஞ்சு வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

"கேண்டி என்ன விலை?" பஞ்சு வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஒரு கேண்டி என்பது 356 கிலோ; அதில் எத்தனை கிலோ நூலாகும் என்று கேட்பவர் குறைவு. பெரிய நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கேண்டி 58,500 ரூபாய்ப் பஞ்சில் 82 சதவீதம் நூலாகிறது, 60,000 ரூபாய்ப் பஞ்சில் 88 சதவீதம் நூலாகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் ஒரு கிலோ நூலுக்கான பஞ்சுச் செலவு 200 ரூபாய்; இரண்டாவதில் 192 ரூபாய்கூட இல்லை. கழிவை விற்று ஈடுகட்டலாம் என்பார்கள். கூடுதலாக விழும் கழிவில் தூசும் இலைத்துகளுமே மிகுதி என்றால், அதற்கு யார் விலை கொடுப்பார்கள்? ஈரத்தையும் பாருங்கள். பஞ்சுக்கு ஏற்கப்பட்ட ஈர அளவு 8.5 சதவீதம். அதற்கு மேல் இருப்பது பஞ்சு விலைக்கு வாங்கிய தண்ணீர்.

மைக்ரோனேர் எண்ணைத் தனியாகப் படிப்பது அடுத்த தவறு. காற்று புகும் அளவைக் கொண்டு கணிக்கும் இந்த எண், இழை எவ்வளவு மெல்லியது என்பதையும் அதன் முதிர்ச்சியையும் சேர்த்தே சொல்கிறது. எண் குறைந்தால் இழை மெல்லியதாகவும் இருக்கலாம், முதிராததாகவும் இருக்கலாம். 1974-இல் கோவையில் உருவான, இயல்பிலேயே மெல்லிய இழை கொண்ட சுவின் ரகத்தில் 3.2 வந்தால் இழை மெல்லியது என்று மகிழலாம். அதே 3.2 அதைவிடத் தடித்த இழை கொண்ட சங்கர்-6 ரகத்தில் வந்தால், காய் முதிரவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். முதிராத இழை, பஞ்சைச் சீவிப் பிரிக்கும் கார்டிங்கில் முடிச்சு முடிச்சாகத் திரளும்; சாயம் ஏற்காமல் துணியில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஆகவே ரகத்தைத் தெரிந்துகொள்ளாமல் மைக்ரோனேரை மதிப்பிடாதீர்கள். முதிர்ச்சி அளவையும் கேளுங்கள்.

சராசரியும் ஏமாற்றும். மைக்ரோனேர் 3.3 உள்ள பேலும் (அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதி) 4.7 உள்ள பேலும் சம அளவில் கலந்த லாட்டின் சராசரி 4.0 என்று அழகாகவே இருக்கும். அவற்றை முறையாகக் கலக்காமல் ஓட்டினால், சாயமிட்ட பின்னலாடையில் பட்டை பட்டையாகத் தெரியும். பேல் வாரியான அறிக்கை கேட்பதில் கூச்சம் வேண்டாம். இழை வலிமையை ஒப்பிடும்போது இரண்டு அறிக்கைகளும் ஒரே முறையில் எடுத்தவையா என்று பாருங்கள். ஐசிசி, எச்விஐ என்று இரண்டு அளவீட்டு முறைகள் உண்டு; ஐசிசி முறையில் வலிமை 22 காட்டும் பஞ்சு எச்விஐ முறையில் 28 அளவில் காட்டும்.

எனக்கு மிகவும் வேதனை தருவது வழக்கமான இழைச் சோதனை காட்டாத ஒன்று: பிளாஸ்டிக் சாக்கின் நார். இழை நீளம், வலிமை எல்லாம் சிறப்பாக இருந்தும், பருத்தி மூட்டையிலிருந்து உதிர்ந்த ஒரு பாலிபுரொப்பிலீன் நார் நூலுக்குள் புகுந்துவிடுகிறது. அது சாயம் ஏற்காததால், துணியாகிச் சாயமிட்ட பிறகே கண்ணுக்குத் தெரிகிறது. அறிக்கையை மட்டும் நம்பாமல் சில பேல்களைப் பிரித்துக் கையால் பொறுக்கிப் பாருங்கள். பருத்தியைத் துணிச் சாக்கில் கட்டி அனுப்பும் விவசாயிக்கும், பருத்தியிலிருந்து விதை நீக்கும் ஜின்னிங் ஆலைக்கும் கூடுதல் விலை கொடுங்கள்.