பொம்மைக்காக விடிய விடிய வரிசையில் நிற்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

ஒரு பொம்மைக்காகக் கடை வாசலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வீட்டில் திட்டு விழும். ஆனால் சிங்கப்பூருக்கு இது புதுசு இல்லை. 2000 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் கல்யாணக் கோலத்தில் ஹலோ கிட்டி பொம்மைகளை விற்றபோது தீவு முழுக்க வரிசைதான். 2013 ஜூனில் ‘சிங்கிங் போன்’ என்ற கறுப்புக் கிட்டிக்காக முதல் நாள் ராத்திரியே ஆட்கள் கூடினார்கள். தகராறு முற்றி, போலீஸ் வரும் அளவுக்குப் போனது. இப்போது லபுபுவின் காலம். ஹாங்காங்கில் பிறந்த ஓவியர் காசிங் லங் 2015இல் உருவாக்கிய அந்தப் பல்லிளிப்புக் குட்டி, 2019இல் சீனப் பொம்மை நிறுவனமான பாப் மார்ட்டின் கைக்கு வந்தது. 2024இல் கொரிய இசைக்குழுவான பிளாக்பிங்கின் பாடகி லிசா அதைப் பையில் மாட்டிக்கொண்டதும் உலகமே அதன் பின்னால் ஓடத் தொடங்கியது.

ராத்திரி முழுக்க நின்றும் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் எல்லோரும் தாமதமாக வந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ராத்திரியில் வரிசையை நடத்துவது ரசிகர்கள். காலையில் கடை ஊழியர் வந்ததும் கடையின் சட்டம்தான் சட்டம். ஆட்சி மாறுகிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் பலருக்கும் இடம் பறிபோகிறது. அது தெரியாமல் பாயும் பவர் பேங்கும் மட்டும் எடுத்துக்கொண்டு போவது முதல் தவறு.

வரிசை செல்லுமா என்று பார்க்காமல் கிளம்புவது

கடை போட்ட அறிவிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள். எத்தனை மணிக்கு விற்பனை, தலைக்கு எத்தனை பெட்டி, பணம் எப்படிக் கட்டுவது, முன்பதிவோ குலுக்கலோ உண்டா என்பதெல்லாம் பெரும்பாலும் படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். வரிசையை ஒழித்துவிட்டுக் குலுக்கலுக்கு மாறிய கடைகள் நிறைய. ஜப்பானில் காமிக் மார்க்கெட் போன்ற பெரிய கண்காட்சிகளில் ராத்திரியே வந்து காத்திருப்பதற்குத் தடை. பிரிட்டனில் லபுபு வரிசைகளில் அடிதடி வந்ததால், 2025 மே மாதம் பாப் மார்ட் அங்கிருந்த 16 கடைகளிலும் அதன் விற்பனையை நிறுத்தி வைத்தது. முதல் நாள் வரை சரியாக இருந்த தகவல் மறுநாள் காலை செல்லாததாகிவிடலாம்.

அடுத்தது இடம். கடை மாலுக்குள் இருந்தால் ராத்திரி அந்த வாசலுக்கே போக முடியாது. கதவைச் சாத்திவிடுவார்கள். வரிசை கார்பார்க் பக்கமா, பஸ் நிறுத்தம் பக்கமா, கீழ்த்தளத்திலா என்பதை முடிவு செய்வது மால் நிர்வாகம். முதல் நாள் மாலையே போய், பணியில் இருக்கும் செக்யூரிட்டி அங்கிளிடம் “அங்கிள், நாளைக்கு கியூ எந்தப் பக்கம் விடுவீங்க?” என்று மரியாதையாகக் கேளுங்கள். சில நேரம் அவருக்கே தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு ராத்திரி மிச்சம். முன்வாசலில் முப்பது பேர் உட்கார்ந்திருக்க, காலையில் பின்வாசலைத் திறந்து அங்கிருந்து வரிசை விடுவது இந்தப் பொழுதுபோக்கில் அடிக்கடி கேட்கிற சோகக் கதை.

தலைகளை எண்ணுவது, பெட்டிகளை எண்ணாமல் விடுவது

நிறையப் பேர் ஏமாறுவது இதில்தான். கடையில் 120 பெட்டி என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு இரண்டு என்றால் 60ஆவது ஆளோடு சரக்கு முடிந்தது. தலைக்கு ஆறு என்றால் 20 பேர்தான். வரிசை பார்க்கச் சின்னதாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு 35ஆவது ஆளாக உட்கார்ந்தால், ஐந்தாறு மணி நேரம் கொசுக்கடி மட்டும்தான் மிச்சம். உங்களுக்கு முன்னால் இருக்கும் ஒரு பையும் ஒரு ஸ்டூலும் ஒரே ஆளாக இருக்கலாம், காலையில் வந்து சேரப்போகும் நான்கு பேராகவும் இருக்கலாம். “நீங்க எத்தனை பேர்?” என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

கேட்காமல் கண்ணளவில் கணக்குப் போட்டால் மனசு நம்மை ஏமாற்றும். லியோன் மான் என்ற உளவியலாளர் 1960களில் மெல்பர்னில் கால்பந்து டிக்கெட் வரிசைகளை ஆராய்ந்தார். சரக்கு தீர்ந்துபோகும் இடத்தைத் தாண்டி நின்றவர்கள், தங்களுக்கு முன்னால் இருப்பவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். கிடைத்துவிடும் என்ற ஆசை எண்ணிக்கையையே மாற்றிவிடுகிறது. அதனால் வந்தவுடன் ஒருமுறை வரிசையின் தலை வரை நடந்து போய் விரல்விட்டு எண்ணுங்கள். கணக்கு ஒத்துவரவில்லை என்றால் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். அதைச் செய்ய மனசு வராது, தெரியும். ஆனாலும் எழுந்து போய்விடுகிறவர்கள்தான் கெட்டிக்காரர்கள்.

பெயர்ப் பட்டியலை அப்படியே நம்புவது

பத்துப் பேர் சேர்ந்ததும் யாராவது ஒருவர் நோட்டை எடுத்துப் பெயரும் எண்ணும் எழுத ஆரம்பிப்பார். நல்ல ஏற்பாடுதான். அதை வைத்துத்தான் ஒருவர் கழிப்பறைக்குப் போய்வர முடியும், இருவர் காப்பி வாங்கிவர முடியும். மெல்பர்ன் வரிசைகளிலும் இப்படியே முறை வைத்து மாறி மாறி நின்றிருக்கிறார்கள், பெட்டியை வைத்து இடம் பிடித்திருக்கிறார்கள். ஹாக்கர் சென்டர் உணவங்காடியில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து மேசை பிடிக்கிற ஊர் நம்முடையது, நமக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் அந்த நோட்டுக்குக் கடையில் எந்த மதிப்பும் இல்லை. காலையில் மேலாளர் வந்து “எல்லாரும் எழுந்து நில்லுங்க” என்று சொல்லிக் கைப்பட்டையோ எண் சீட்டோ கொடுக்க ஆரம்பித்தால், எதிரில் நிற்கிற ஆளுக்குத்தான் கொடுப்பார். நோட்டில் 7ஆம் எண்ணாக இருந்து, அந்த நேரம் பல் விளக்கப் போனவர் போனவர்தான். கடை திறக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பிருந்து இடத்தைவிட்டு நகராதீர்கள். பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் வாக்குவாதம் வந்தால், அந்தப் படத்தை வைத்தாவது அக்கம்பக்கத்தில் இருப்பவர்களிடம் பேசலாம்.

இன்னொரு விஷயம். போய்வருகிறேன் என்று யாரிடம் சொல்வது? பலரும் முன்னால் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பின்னால் இருப்பவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். ஸ்டான்லி மில்கிராம் குழு நியூயார்க்கில் 129 வரிசைகளில் வேண்டுமென்றே ஆட்களை இடையில் நுழையவிட்டுப் பார்த்த சோதனை ஒன்று 1986இல் வெளியானது. ஒருவர் நுழைந்தபோது ஏறக்குறைய பாதி வரிசைகளில்தான் எதிர்ப்பு வந்தது. இருவர் சேர்ந்து நுழைந்தபோது பத்தில் ஒன்பது வரிசைகளில் சத்தம் கிளம்பியது. சத்தம் போட்டவர்கள் பெரும்பாலும் நுழைந்தவருக்குப் பின்னால் நின்றவர்கள். நஷ்டம் அவர்களுக்குத்தானே. நீங்கள் திரும்பி வரும்போது “இவர் இங்கதான் இருந்தார்” என்று சொல்ல வேண்டியவரும் பின்னால் நிற்பவர்தான். அரை மணி நேரத்தில் வருகிறேன் என்று சொன்னால் அரை மணி நேரத்தில் வந்துவிடுங்கள். நண்பர்களைக் காலையில் கூட்டி வந்து நடுவில் சொருகினால், ராத்திரி முழுக்கச் சிப்ஸ் பங்கிட்டுச் சாப்பிட்டவர்களே எதிரியாகிவிடுவார்கள். அவர்கள் கோபப்படுவதிலும் நியாயம் இருக்கிறது.

உடம்பை மறந்துவிடுவது

சிங்கப்பூரில் குளிர் பிரச்சினை இல்லை. புழுக்கமும் மழையும்தான். நடைபாதைக்கு மேலே கூரை இருக்கிறது என்று நிம்மதியாக இருப்போம். மூன்று மணிக்கு மேல் காற்றோடு சாரல் சாய்ந்து அடித்தால் கூரைக்குக் கீழேயும் பாதிப் பாய் நனையும். குடையால் அந்த இடத்தில் பிரயோசனம் கம்மி. ஒரு மழைக்கோட்டும் பையை மூட ஒரு பெரிய பிளாஸ்டிக் உறையும் போதும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றையும் எடுத்துப் போங்கள். ஈரக் கையில் பிடித்த அட்டைப்பெட்டி முனை மழுங்கிவிடும், சேகரிப்பவர்கள் மத்தியில் அப்புறம் அதன் மதிப்பே வேறு.

மால் கழிப்பறை ராத்திரி பூட்டியிருக்கும். 24 மணி நேரமும் திறந்திருக்கும் பெட்ரோல் நிலையமோ துரித உணவுக் கடையோ பக்கத்தில் எங்கே என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது இன்னும் மோசம், விடிகாலையில் தலை சுற்றும். கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ராத்திரி 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் மது அருந்துவது சட்டப்படி குற்றம். ஆர்ச்சர்ட் ரோடு பக்கம் என்றால் புகைக்கவும் ஒதுக்கிய இடம் உண்டு, மற்ற இடத்தில் பிடித்தால் அபராதம். எம்ஆர்டி ரயில் நள்ளிரவோடு நின்றுவிடும், திரும்ப ஓட ஐந்தரை மணி ஆகும். நடுவில் மனசு மாறினால் டாக்சிதான். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள்.

கதவு திறந்ததும் ஓடுவது

ஆபத்து எங்கே என்று கேட்டால் இந்தச் சில நிமிடங்கள்தான். கனடாவின் ஃப்ரெடரிக்டன் நகரில் 1996 டிசம்பரில் ‘டிக்கிள் மீ எல்மோ’ பொம்மைக்காக ஏறக்குறைய 300 பேர் காத்திருந்தார்கள். பொம்மைப் பெட்டியைக் கையில் வாங்கிய கடை ஊழியரைக் கூட்டம் மிதித்துப் போட்டது. அவருக்கு விலா எலும்பு முறிந்தது. 2000இல் இங்கே சிங்கப்பூரின் பூன் கெங்கில் ஹலோ கிட்டிக் கூட்டத்தின் நெரிசலில் கண்ணாடிக் கதவே உடைந்து ஆட்கள் காயப்பட்டார்கள். 2012இல் சான் டியேகோ காமிக்கான் வரிசையில் காத்திருந்த ரசிகை ஒருவர், சாலையைக் கடக்க ஓடியபோது கார் மோதி இறந்துபோனார். கூட்டம் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தால் கண்ணாடிப் பக்கமும் தடுப்புக் கம்பிப் பக்கமும் நிற்காமல் ஓரமாக ஒதுங்கிவிடுங்கள். முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். கீழே விழுந்த செருப்புக்காகக் குனியவே குனியாதீர்கள்.

கவுன்டரில் நின்று யோசிப்பது, அப்புறம் வாசலில் சிக்குவது

என்ன வேண்டும், அது இல்லையென்றால் அடுத்தது எது என்று முன்பே முடிவு செய்துவிட்டுப் போங்கள். போனில் பணம் கட்டும் பேநவ் வரம்பையும் கார்டு வரம்பையும் முதல் நாளே பாருங்கள். பிளைண்ட் பாக்ஸ் என்றால் உள்ளே எந்த உருவம் என்பது அதிர்ஷ்டம். பல லபுபு தொடர்களில், அரிதாக வைக்கும் ரகசிய உருவம் வரும் வாய்ப்பு 72இல் 1 என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். இரண்டு பெட்டி வாங்கினால் ஏறக்குறைய 36இல் 1, அதாவது மூன்று சதவீதம்கூடக் கிடையாது. ரகசிய உருவத்துக்காகவே ராத்திரி முழுக்க நிற்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். பெட்டியைக் குலுக்கிக் குலுக்கிப் பார்ப்பதால் பின்னால் நிற்பவர்களுக்கு எரிச்சல் வருவதுதான் மிச்சம்.

வந்த உருவம் பிடிக்கவில்லையா? வெளியே வந்ததும் கூட நின்றவர்களிடமே மாற்றிக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்கப் பேசிப் பழகியதற்குப் பலன் இங்கேதான் தெரியும். யாருக்குப் பச்சை வேண்டும், யாரிடம் இரண்டு பழுப்பு இருக்கிறது என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். உள்பை, அட்டை, ரசீது எதையும் எறியாதீர்கள், அவை இல்லாமல் நல்ல மாற்று கிடைப்பது கஷ்டம்.

இரண்டு மடங்கு விலைக்கு விற்றுவிடலாம் என்று நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 ஜூனில் பாப் மார்ட் சீனாவில் பெருமளவு சரக்கை இறக்கியதும் மறுவிற்பனை விலை சடசடவென்று சரிந்தது. நீங்கள் வாங்குகிற பொம்மையை அடுத்த வாரம் கடை மறுபடி நிரப்பாது என்று யாரும் எழுதித் தரவில்லை.

கிடைக்காமல் போனவர்கள் அந்த ஏமாற்றத்தில் வாசலில் நிற்கும் ஆளிடம் உடனே வாங்கிவிடுகிறார்கள். போலிகள் அவ்வளவு வருகின்றன, ‘லஃபுபு’ என்று அவற்றுக்குத் தனிப் பெயரே இருக்கிறது. அசல் லபுபுவுக்கு ஒன்பது பல். எண்ணிப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள், நல்ல போலிக்கும் ஒன்பது பல் வைக்கத் தெரியும். கியூஆர் குறியை ஸ்கேன் செய்து, திறக்கும் பக்கத்தின் முகவரி நிறுவனத்துடையதுதானா என்று எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அச்சு அசலாக அதே மாதிரி போலிப் பக்கமும் வைத்திருப்பார்கள். கடை ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்கு முன்னால் வாங்கியவரிடம் ரசீது இல்லையென்றால் பணத்தை எடுக்காதீர்கள்.