டிடிஹெச் பாக்ஸ்ல ரெக்கார்டிங்: பென் டிரைவ்ல ஆரம்பிச்சு ஹார்ட் டிஸ்க்குக்கு மாறுறது எப்படி?

வீட்ல ஹெச்டி செட்டாப் பாக்ஸ் இருக்கா? அதோட பின்பக்கத்தை ஒரு தடவை பாருங்க, யூஎஸ்பி போர்ட் ஒண்ணு இருக்கும், சர்வீஸ்காரங்களுக்குன்னு நினைச்சு நிறைய பேர் தொடறதே இல்ல, ஆனா பல பாக்ஸ்ல ரெக்கார்டிங்கே அதுலதான். 2008-ல டாடா ஸ்கை பிளஸ் வந்தப்போ ஹார்ட் டிஸ்க் பாக்ஸுக்கு உள்ளேயே வந்துச்சு. இப்போ சாதாரண பாக்ஸுக்கே டிஸ்க்கை நாமளே வாங்கி வெளிய சொருகிக்கலாம்.

1. முதல்ல உங்க பாக்ஸ் ரெக்கார்ட் பண்ணுமான்னு பாருங்க

ரிமோட்ல சிவப்பு கலர்ல ரெக்கார்ட் பட்டன் இருக்கா, மெனுல ரெக்கார்டிங்னு ஏதாவது இருக்கான்னு பாருங்க. சில பாக்ஸ்ல அந்த போர்ட் சாப்ட்வேர் அப்டேட்டுக்கு மட்டும்தான். சில கம்பெனில இந்த வசதியை கஸ்டமர் கேர்ல சொல்லி ஆன் பண்ணணும், அதுக்குத் தனியா காசு உண்டான்னும், எத்தனை ஜிபி டிஸ்க் வரைக்கும் பாக்ஸ் எடுக்கும்னும் அப்பவே கேட்டுடுங்க. இதைக் கேக்காம கடைக்குப் போகாதீங்க.

2. வீட்ல இருக்கற பென் டிரைவ்ல டெஸ்ட் பண்ணுங்க

காலி பென் டிரைவா எடுங்க, ஏன்னா சொருகினதும் பாக்ஸ் 'ஃபார்மட் பண்ணவா'ன்னு கேக்கும், ஓகே கொடுத்தா உள்ள இருக்கற போட்டோ, பாட்டு எல்லாம் போயிடும். கம்ப்யூட்டர்ல ஃபார்மட் பண்ணிட்டு வர வேணாம், பாக்ஸே பண்ணட்டும், அதுக்குப் பிடிச்ச மாதிரி பண்ணிக்கும். பத்து நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி ஓட்டிப் பாருங்க. திக்கித் திக்கி ஓடினா பெரும்பாலும் பென் டிரைவ் ஸ்பீட் பத்தலன்னு அர்த்தம், பாக்ஸைக் குறை சொல்லாதீங்க.

3. இப்போ டிஸ்க். இதுதான் முக்கியம்

எவ்வளவு இடம் வேணும்? ஹெச்டி சேனல் செகண்டுக்கு 8 மெகாபிட் வருதுன்னு வச்சுக்கிட்டா மணிக்கு 3.6 ஜிபி ஆகும். 32 ஜிபி பென் டிரைவ்ல எட்டு மணி நேரம்தான், ரெண்டு ஐபிஎல் மேட்ச்சோட முடிஞ்சுது. ஒரு டெஸ்ட் மேட்ச் அஞ்சு நாளும், பிரேக்கை விட்டுட்டு தினம் ஆறு மணி நேர ஆட்டம் மட்டும் எடுக்கணும்னா 110 ஜிபி கிட்ட வேணும். 1 டிபி டிஸ்க்ல சுமார் 270 மணி நேரம் வரும், ஒரு வீட்டுக்கு இது தாராளம். சாதாரண சேனலுக்கு இதுல கால்வாசி இடம் போதும்.

பென் டிரைவையே பெருசா வாங்கினா என்னன்னு கேப்பீங்க. லைவ்ல பாஸ் பண்ற வசதி ஆன்ல இருந்தா பாக்ஸ் நாள் முழுக்க அதுல எழுதி எழுதி அழிச்சிட்டே இருக்கும், பென் டிரைவ் அதுக்குன்னு செஞ்சதில்ல, சூடாகி சீக்கிரமே போயிடும். அதனால எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்தான் என் சாய்ஸ்.

அதுலயும் ஒரு விஷயம் இருக்கு. யூஎஸ்பி 2.0 போர்ட் கொடுக்கறது 500 மில்லி ஆம்ப் கரண்ட்தான், கையடக்கமான 2.5 இன்ச் டிஸ்க் சுத்த ஆரம்பிக்கும்போது அதுக்கு மேலயும் இழுக்கும். சொருகினதும் டிக் டிக்னு சத்தம் வந்து டிஸ்க்கையே காட்டலன்னா முதல்ல கரண்டைத்தான் சந்தேகப்படணும், டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு திருப்பிக் கொடுத்துடாதீங்க. தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் வாங்கி நடுவுல போட்டா பெரும்பாலும் சரியாயிடும். இல்லன்னா சொந்தமா அடாப்டரோட வர்ற 3.5 இன்ச் டிஸ்க்கே வாங்கிடுங்க, டிவி பக்கத்துல பிளக் பாயிண்ட் ஒண்ணு கூட வேணும், அவ்ளோதான்.

4. டைமர் போடறது

சீரியலோ மேட்சோ சொன்ன நேரத்துக்கு முடியாது, அதனால அஞ்சு நிமிஷம் முன்னாடி ஆரம்பிச்சு, மேட்ச்னா அரை மணி நேரம் கூடவே போடுங்க. ராத்திரி மெயின் சுவிட்சை ஆஃப் பண்ற பழக்கம் இருந்தா டைமர் ஓடாது, ரிமோட்ல ஸ்டாண்ட்பை மட்டும் போடுங்க. பாக்ஸ், டிஸ்க் அடாப்டர் ரெண்டையும் இன்வெர்ட்டர் லைன்ல கொடுத்துடுங்க, நடுவுல கரண்ட் போனா அதுவரைக்கும் எடுத்ததும் சில நேரம் சேவ் ஆகாது. மழை கொட்டினா சிக்னல் போகும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

ஒரே கேபிள் வர்ற பாக்ஸ்ல பொதுவா ரெக்கார்ட் ஆகற சேனலைத்தான் பார்க்க முடியும், வீட்ல இதை முன்கூட்டியே சொல்லிடுங்க. ஒண்ணைப் பார்த்துட்டே வேற ஒண்ணை எடுக்கணும்னா ரெண்டு டியூனர் (சேனலைப் பிடிச்சுக் கொடுக்கற பாகம்) உள்ள பாக்ஸ் வேணும், பழைய டிஷ்னா மொட்டை மாடில இருந்து இன்னொரு கேபிளும் இழுக்க வேண்டி வரும்.

5. இதை மட்டும் மறந்துடாதீங்க

எடுத்தது எல்லாம் அந்த பாக்ஸுக்கு மட்டுமே திறக்கற மாதிரி பூட்டியிருக்கும். டிஸ்க்கைக் கம்ப்யூட்டர்ல போட்டாலும் படம் வராது, பக்கத்து வீட்டு பாக்ஸ்லயும் வராது. பாக்ஸ் ரிப்பேர் ஆகி வேற கொடுத்தாங்கன்னா டிஸ்க் நல்லா இருந்தாலும் உள்ள இருக்கறது அத்தனையும் போச்சு. அதனால மார்கழி கச்சேரி, உங்க பொண்ணு டிவில பாடின நிகழ்ச்சி மாதிரி காலத்துக்கும் வேணுங்கறதை இதை மட்டும் நம்பி வைக்காதீங்க, நிகழ்ச்சியை எடுத்தவங்ககிட்டயே காப்பி கேட்டுப் பாருங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

சின்ன டிஸ்க்ல இருந்து பெருசுக்கு மாறும்போதும் இதே கதைதான், பழசை காப்பி பண்ண முடியாது. பாக்ஸை ஆஃப் பண்ணிட்டு பழைய டிஸ்க்கைக் கழட்டி புதுசைச் சொருகி ஃபார்மட் கொடுங்க. பழசை உடனே அழிக்க வேணாம், பல பாக்ஸ்ல அதைத் திரும்பச் சொருகினா பழைய ரெக்கார்டிங் வரும், எல்லாத்தையும் பார்த்து முடிச்ச பிறகு கம்ப்யூட்டர்ல ஃபார்மட் பண்ணி வேற வேலைக்கு வச்சுக்கோங்க.