ஸ்டோன்வெயார் தட்டு ஏன் வெடிக்கிறது? ஓவனில் நாம் விடுகிற பிழைகள்

போன நத்தாருக்கு மக்ரோனி பேக் பண்ணி, ஓவனிலிருந்து எடுத்து, குசினித் திட்டில் வைத்தேன். டைல்ஸ் பதித்த திட்டு. சற்று முன்தான் ஈரத்துணியால் துடைத்திருந்தேன். தட்டு பட்ட இடத்தில் 'சுர்' என்றது, அப்புறம் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். மூலையிலிருந்து நடு வரைக்கும் மயிர்போல ஒரு கோடு. அதன் வழியே பால் சோஸ் மெதுவாகக் கசியத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற பெரியம்மா கேட்டார்: "ஏன் புள்ள, சுடுசட்டிய ஈரத்துல வைக்கப்படாதெண்டு உனக்குத் தெரியாதா?"

தெரியும். மட்டக்களப்பில் மண்சட்டியில் மீன்கறி வைக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியாமல் இராது. ஆனால் கடையில் வாங்கிய மினுமினுப்பான, கனத்த தட்டைப் பார்த்தால், இது மண் என்பதே மறந்துபோகிறது.

ஸ்டோன்வெயாரும் களிமண்தான். சுமார் 1200 பாகை செல்சியஸில் சுட்டெடுப்பார்கள். "1200 பாகையைத் தாங்கியது என் ஓவனின் 200 பாகைக்கா உடையும்?" என்று கேட்கலாம். சூளையில் அந்தச் சூட்டைப் பல மணித்தியாலம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள், அதே பொறுமையோடு ஆறவும் விடுவார்கள். தட்டு முழுவதும் ஒன்றாக விரிந்து ஒன்றாகச் சுருங்கும். வீட்டில் நாம் ஒரு பக்கத்தைச் சுடவைத்து மறுபக்கத்தைக் குளிரவைக்கிறோம். ஒரு பக்கம் விரிய, மறுபக்கம் விரியாமல் நிற்க, நடுவில் இழுபறி.

அந்த இழுபறியில் ஒரு நுணுக்கம் உண்டு. சுட்ட மண் அமுக்கினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது. சுடுதட்டின் அடி ஈர டைல்ஸில் பட்டதும் வெளித்தோல் மட்டும் சட்டென்று சுருங்கப் பார்க்கிறது. உள்ளே இன்னும் சூடு, அது சுருங்க விடாது. ஆக, தோல் இழுபட்டுக் கிழிகிறது. அதனால் தட்டை ஓவனுக்குள் வைக்கிற நேரத்தைவிட வெளியே எடுக்கிற நேரத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். மரப்பலகையோ, நாலாக மடித்த காய்ந்த துவாயோ முதலே விரித்து வைத்துவிட்டு ஓவனைத் திறவுங்கள். கைபிடிக்கும் துணியும் காய்ந்திருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்த கையோடு தட்டைச் சிங்க்கில் போட்டுக் குழாயைத் திறப்பதும் இதே பிழைதான்.

இனி, மண்சட்டி அனுபவம் நம்மை ஏமாற்றுகிற இடம். "மண்சட்டியே அடுப்பில் நிற்கிறது, அதைவிட உறுதியான இது நிற்காதா?" என்று கறியைத் திக்காக்க ஸ்டோன்வெயார் தட்டைக் கேஸ் அடுப்பில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். நிற்காது. மண்சட்டி குறைந்த சூட்டில் சுட்டது. மணலும் நுண்துளைகளும் நிறைந்தது. அதில் ஒரு வெடிப்பு கிளம்பினாலும் அடுத்த துளையில் போய் நின்றுவிடும். ஸ்டோன்வெயாரில் மண் துகள்கள் பாதி உருகிக் கண்ணாடிபோல் இறுகிப்போயிருக்கும். வெடிப்புக்கு அங்கே தடையே இல்லை, கிளம்பினால் மறுகரைக்குத்தான். உறுதி கூடினது அடுப்பில் தோற்பது விசித்திரம்தான், ஆனால் அதுதான் உண்மை. சோஸை வேறு சட்டியில் திக்காக்கிவிட்டு இதில் ஊற்றுங்கள்.

அடுத்தது பிரிட்ஜ். பெருநாளுக்கோ நத்தாருக்கோ முதல்நாள் இரவே எல்லாம் அடுக்கிப் பிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் அப்படியே 180 பாகை ஓவனுக்குள் தள்ளுவோம். 4 பாகையிலிருந்து ஒரே தாவலில் 180. தட்டைச் சாப்பாட்டோடு வெளியே வைத்துக் குளிர் போக விடலாம்தான், ஆனால் நம் ஊர் வெக்கையில் பால், முட்டை, இறைச்சி சேர்ந்த சாப்பாட்டை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்க நான் சொல்லமாட்டேன். இப்போது நான் செய்வது இது: சாப்பாடு பிளாஸ்டிக் டப்பாவில் பிரிட்ஜில் தூங்கும், தட்டு வெறுமனே மேசையில் தூங்கும். காலையில் சாப்பாட்டைக் கொஞ்சம் குளிர் விட வைத்து, தட்டுக்கு மாற்றி, சூடேறிய ஓவனின் நடுத்தட்டில் வைக்கிறேன். கட்டியாக உறைந்த கோழியை ஒருபோதும் நேரே வைக்காதீர்கள், அதற்கு அடியில் மட்டும் தட்டு குளிர்ந்தே கிடக்கும்.

ஓவனை முதலில் சூடாக்குவதா, தட்டோடு சேர்த்துச் சூடாக்குவதா? மினுக்குப் பூச்சில்லாத பேக்கிங் கல் என்றால் குளிர்ந்த ஓவனுக்குள் வைத்துச் சேர்த்தே சூடாக்குவதுதான் பாதுகாப்பு. பூச்சுள்ள தட்டுகளுக்குக் கம்பனிக்குக் கம்பனி சொல்வது மாறுகிறது, கூட வரும் துண்டை எறியாமல் வாசியுங்கள். மேசைமேல் வைக்கிற சின்ன ஓவன் என்றால் இன்னொரு கவனம் வேண்டும். சூடேறும்போது அதன் கம்பிகள் சிவந்து எரியும், தட்டுக்கும் கம்பிக்கும் சில அங்குலம்தான் இடைவெளி. அதனால்தான் நான் சூடேறி முடிந்தபிறகு வைக்கிறேன். கிரில்லைப் போட்டுச் சீஸைச் சிவக்கவைக்கும் ஆசை இருந்தால் அலுமினியத் தட்டைப் பாவியுங்கள்.

வெறுந்தட்டை ஓவனில் சூடாக்காதீர்கள். கோழி காய்கிறது என்று பாதியில் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஊற்றத்தான் வேண்டுமென்றால் கொதிதண்ணீர்.

மாரிகாலத்தில் ஒரு தனிப் பிரச்சினை. தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள், அடிவிளிம்பு மினுக்கில்லாமல் சொரசொரப்பாக இருக்கும். அந்த இடம் தண்ணீரை மெல்லக் குடிக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் துணியே மூன்று நாளாகக் காயாதபோது அந்த விளிம்பு எப்படிக் காயும்? உள்ளே நின்ற தண்ணீர் ஓவனில் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கேட்கும். இரவு முழுக்க ஊறப்போடுவதை விடுங்கள். கழுவினால் கவிழ்த்துவைத்து ஒரு நாளாவது காயவிடுங்கள்.

ஓவனுக்குள் உடைந்தது என்று நாம் சொல்லும் தட்டுகளில் பல, போன வாரம் சிங்க்கில் விளிம்பு இடிபட்டபோதே உடையத் தொடங்கியவை. கண்ணுக்குத் தெரியாத கீறலை ஓவன் முடித்துவைக்கிறது, அவ்வளவுதான். சந்தையில் சட்டி வாங்கும்போது பெரியம்மா அதை ஒரு கையில் ஏந்தி, மறுகையின் விரல்மொழியால் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்பார். நல்ல சட்டி 'ணங்' என்று நீளும், கீறல் விழுந்தது 'டொக்' என்று செத்துப்போகும். பேக் பண்ணுவதற்கு முன் தட்டுக்கும் அந்தச் சோதனையைச் செய்யுங்கள். 'டொக்' என்றால் பசை போட்டு ஒட்டி மறுபடி ஓவனுக்குக் கொண்டுபோக வேண்டாம். என்னுடையதில் இப்போது சின்ன வெங்காயம் கிடக்கிறது.