பழைய அம்பாசடர் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின்: சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுவது எப்படி?

இந்தச் செய்முறை 1959 முதல் வந்த ஓவர்ஹெட் வால்வு (வால்வுகள் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் இருக்கும்) பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சினுக்கு மட்டும். அதற்கு முந்தைய சைடு வால்வு (வால்வுகள் பிளாக்கில் இருக்கும்) எஞ்சினுக்கோ, 1992க்குப் பின் வந்த இசூசு 1800க்கோ பொருந்தாது.

முதலில் கருவிகள். இந்த எஞ்சினின் நட்டு, போல்ட் எல்லாம் இன்ச் அளவு. 1/2 இன்ச் என்றால் 12.7 மிமீ. அதில் 13 மிமீ ஸ்பேனரை மாட்டினால் உட்காரத்தான் செய்யும். ஆனால் இறுகிக் கிடக்கும் நட்டாக இருந்தால் முனை மழுங்கி உருண்டையாகிவிடும். இன்ச் ரிங் ஸ்பேனர், சாக்கெட் செட் இரண்டும் வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். முந்தின நாள் இரவே ஹெட் ஸ்டட்கள் (பிளாக்கில் நட்டு நிற்கும் தலையில்லாத போல்ட்கள்), சைலன்சர் குழாய் சேரும் நட்டுகள், தெர்மோஸ்டாட் மூடி நட்டுகள் எல்லாவற்றிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியில் எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள். ரேடியேட்டரின் வடிகுழாயைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். அதோடு நின்றுவிடக் கூடாது. பிளாக்கின் பக்கவாட்டிலும் ஒரு வடிகுழாய் உண்டு. திறந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் காலி என்று அர்த்தமில்லை, துருச்சேறு அடைத்திருக்கும். கம்பியால் குத்திவிட்டால் பழுப்பாகக் கொட்டும்.

அடுத்து மேல் ஹோஸ், ஏர் கிளீனர், கார்புரேட்டர், பிளக் ஒயர்கள், டெம்பரேச்சர் ஒயர். ஒயர்களில் 1, 2, 3, 4 என்று டேப் ஒட்டிவிடுங்கள். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2. பிளக்குகளைக் கழற்ற வேண்டாம், பிறகு உதவும். இன்லெட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகள் (கலவை உள்ளே வரும், புகை வெளியே போகும் கிளைக் குழாய்கள்) இரண்டும் ஒரே பக்கம்தான். எக்ஸாஸ்ட் நட்டு அசையவில்லை என்றால் நீளக் குழாய் போட்டு இழுக்காதீர்கள், ஸ்டட் ஒடிந்துவிடும். கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னுமாகத்தான் கொண்டுவர வேண்டும்.

ராக்கர் ஷாஃப்ட்: பலரும் சறுக்கும் இடம்

வால்வு மூடியை எடுத்ததும், வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்கள் கோத்த தண்டான ராக்கர் ஷாஃப்ட் நான்கு தாங்கிகளில் உட்கார்ந்திருப்பது தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன நட்டு, ஒரு பெரிய நட்டு. அந்தப் பெரிய நட்டுகள் நான்கும் ஹெட் நட்டுகளே. வெளியே தெரியும் 7, இந்த 4, ஆக மொத்தம் 11. ராக்கரை மட்டும்தானே கழற்றுகிறோம் என்று அந்த நான்கை மட்டும் தளர்த்தினால், மற்ற ஏழும் இறுக்கமாக இருக்க, ஹெட் வளையும். உள்ளே தண்ணீர் மிச்சமிருந்தால் சிலிண்டரிலும் சம்ப்பிலும் (அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) இறங்கும். ஆகவே தண்ணீரை வடித்த பிறகு 11 நட்டுகளையும் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, ஒரு சுற்றுக்கு அரைத் திருப்பு வீதம் தளர்த்துங்கள். எல்லாம் இளகிய பிறகே ராக்கரைத் தனியாகத் தூக்க வேண்டும்.

ராக்கர்களைக் கீழிருந்து தள்ளும் புஷ் ராடுகள் 8. நேராக வெடுக்கென்று இழுத்தால் எண்ணெய்ப் பிடிப்பில் கீழே ராடைத் தாங்கும் டாப்பட்டும் சேர்ந்து எழும். லேசாகத் திருகிவிட்டு மெதுவாக எடுங்கள். ஒரு அட்டையில் 8 ஓட்டை போட்டு, முன்பக்கம் எது என்று எழுதி, எடுத்த வரிசையிலேயே செருகிவையுங்கள். ஒவ்வொரு ராடும் தன் டாப்பட்டோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். மாற்றிப் போட்டால் புதிதாகத் தேய ஆரம்பிக்கும்.

ஹெட்டைத் தூக்குதல்

ஹெட் வார்ப்பிரும்பு, நல்ல கனம். இரண்டு பேர் வேண்டும். வரவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் செருகி நெம்பாதீர்கள். அந்தக் கீறல் வழியாகவே பின்னால் கேஸ்கெட் ஒழுகும். பிளக்குகளை விட்டுவைத்தது இதற்குத்தான். மூலை நட்டுகளை மட்டும் சில புரி மாட்டி, கியரை நியூட்ரலில் வைத்து, முன்பக்க ஹேண்டிலால் எஞ்சினைச் சுற்றுங்கள். ராக்கர் இல்லாததால் வால்வுகள் எல்லாம் மூடியே இருக்கும். அடைபட்ட காற்றின் அழுத்தமே ஒட்டியிருக்கும் ஹெட்டை விடுவிக்கும். அப்படியும் அசையாவிட்டால் மரக்கட்டை வைத்து, சுற்றிலும் மாற்றி மாற்றித் தட்டுங்கள். பிறகு மூலை நட்டுகளை எடுத்துவிட்டு நேர் மேலாகத் தூக்குங்கள். சாய்த்தால் ஸ்டட்களில் சிக்கும்.

தூக்கிய கையோடு சிலிண்டர்களிலும் புஷ் ராடு ஓட்டைகளிலும் துணி அடைத்துவிடுங்கள். கேஸ்கெட்டைத் தூக்கி எறிய வேண்டாம். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கறுத்து எரிந்த கோடு தெரிந்தால் கம்ப்ரஷன் கசிந்திருக்கிறது. தண்ணீர் வழியைச் சுற்றித் துரு படர்ந்திருந்தால் அங்கேதான் ஒழுகியிருக்கிறது. பழைய செம்புக் கேஸ்கெட்டின் நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்த நிலையில் பிரஷ் போட்டுத் தேய்க்காமல் ஈரப்படுத்திச் சுரண்டுங்கள், முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். பரப்பு சுத்தமானதும் நேர்விளிம்பு ஸ்கேலைக் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்த்துவிட்டே ஹெட்டை லேத்துக்கு அனுப்புங்கள்.