வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கணக்கு உடையாமல் போய்ச் சேர

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரப் பள்ளிப் பயிற்சிக்குப் போகும் கணித மாணவருக்கு முதல் வாரமே புதிதாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கத் தோன்றும். வேண்டாம். வகுப்பாசிரியரின் குழு பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். தலைமையாசிரியரின் அனுமதியோடு அதில் அட்மினாகச் சேருங்கள். நீங்கள் போன பிறகும் அந்தக் குழு இருக்கும், பெற்றோருக்கும் அதுதான் பழக்கம். குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதால் பெற்றோர் எண்களை மட்டும் சேர்ப்பது நல்லது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளையோடு தனியாக மெசேஜ் பேசும் வழக்கத்தைத் தொடங்கவே கூடாது.

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். வாட்ஸ்அப் கணக்கு எழுதுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. கரும்பலகையில் சரியாக இருந்த வரி ஃபோனில் வேறு கணக்காகிவிடும்.

√9+16 என்று தட்டச்சு செய்தால் என்ன விடை? நீங்கள் நினைத்தது 5. பிள்ளை 3+16 என்று போட்டு 19 என்கிறது, எழுதியபடி பார்த்தால் அதுதான் சரி. பலகையில் மூலக்குறியின் மேல்கோடு 16 வரை நீளும், ஃபோனில் அந்தக் கோடு இல்லை. ஆகவே √(9+16) என்று அடைப்புக்குறி போட்டே ஆக வேண்டும். பின்னமும் அப்படித்தான். 2/3+1 என்றால் 5/3, 2/(3+1) என்றால் 1/2. பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பு இருந்தால் அடைப்புக்குறி கட்டாயம். அடுக்குக்கு ² ³ குறிகளையே பயன்படுத்துங்கள். ஜிபோர்டு (Gboard) போன்ற விசைப்பலகைகளில் 2ஐயோ 3ஐயோ அழுத்திப் பிடித்தால் வரும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். வரியின் தொடக்கத்தில் கழித்தல் குறி, இடைவெளி, பிறகு எண் என்று எழுதினால் வாட்ஸ்அப் அதைப் பட்டியல் என்று எடுத்துக்கொண்டு புள்ளியாக மாற்றிவிடும். "- 5 + 8 = 3" என்று அனுப்பியது "• 5 + 8 = 3" என்று போய்ச் சேரும். குறை எண்ணில் ஏற்கெனவே தடுமாறும் பிள்ளைக்கு இது பெரிய குழப்பம். (-5) + 8 = 3 என்று எழுதினால் தப்பிக்கலாம். வரியை > குறியோடும் இடைவெளியோடும் தொடங்கினால் அது மேற்கோளாகி, குறி காணாமல் போகும். பெருக்கலுக்கு நட்சத்திரக்குறி போடாதீர்கள். 2 *3* 4 என்பதில் இரண்டு நட்சத்திரமும் மறைந்து 3 மட்டும் தடித்த எழுத்தில் நிற்கும். × குறி விசைப்பலகையிலேயே இருக்கிறது.

தவறாக அனுப்பிவிட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். அதற்குப் பிறகு அழிக்காதீர்கள். நோட்டில் எழுதிக்கொண்ட பிள்ளைக்கு அழித்தது தெரியாது. அந்த மெசேஜுக்கே பதிலாக, "திருத்தம்" என்று தொடங்கிச் சரியான வரியை அனுப்புங்கள்.

மூன்று படிகளுக்கு மேல் போகும் கணக்கைத் தட்டச்சு செய்யவே வேண்டாம். பலகையையோ வெள்ளைத்தாளையோ படம் எடுங்கள். பலகையை நேருக்கு நேர் நின்று, ஃபோனைக் கிடைமட்டமாகப் பிடித்து, பாதிப் பலகைக்கு ஒரு படம் என்று எடுக்க வேண்டும். ஃபிளாஷ் வேண்டாம், நடுவில் வெள்ளை வட்டம் விழும். ஓரத்தில் தேதி, இயல், பயிற்சி எண், கணக்கு எண் இருக்கட்டும். பிள்ளைகளின் முகம் படத்தில் விழக்கூடாது. படமாக அனுப்பினால் சுருங்கி அடுக்கு எண்கள் மங்கும், ஆகவே 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்புங்கள்.

குரல் பதிவு ஒரு நிமிடத்துக்குள் இருக்கட்டும், ஒரு படியை மட்டும் விளக்கட்டும். "ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர்" என்பதில் 'ஹோல்' விழுங்கப்பட்டால் கணக்கே மாறிவிடும். "இரண்டு பை மூன்று ப்ளஸ் ஒன்று" என்பதும் இரண்டு விதமாகக் காதில் விழும். "தொகுதியில் இரண்டு, பகுதியில் மூன்று ப்ளஸ் ஒன்று" என்று சொல்லுங்கள்.

வரைபடத்துக்கு ஜியோஜீப்ரா (GeoGebra) செயலி போதும், இலவசம். ஆனால் இரண்டு அச்சுகளின் விகிதம் 1:1 என்று இருக்கிறதா பார்த்த பிறகே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இல்லையென்றால் வட்டம் முட்டையாகத் தெரியும்.

புரிந்ததா என்று குழுவில் கேட்டால் கட்டைவிரல் மட்டுமே வரும். கூகுள் ஃபார்மில் நான்கைந்து கேள்வி போதும், ஆனால் தவறான விடைகளில்தான் உங்கள் உழைப்பு இருக்க வேண்டும். √(9+16) கேள்விக்கு 5, 7, 25, 12.5 என்று விடைகள் கொடுங்கள். 7 என்றவர் தனித்தனியாக மூலம் எடுத்துக் கூட்டியிருக்கிறார், 25 என்றவர் மூலமே எடுக்கவில்லை, 12.5 என்றவர் மூலத்தையும் பாதியையும் குழப்பிக்கொண்டார். மறுநாள் பாடத்தை எங்கே தொடங்குவது என்பதை ஃபார்ம் காட்டும் வட்ட விளக்கப்படமே சொல்லிவிடும். விடையை எழுதச் சொல்லும் கேள்வி என்றால் 1/2, 0.5, ½ மூன்றையும் சரியான விடையாகப் பதிய வேண்டும். ஃபார்ம் எழுத்தைத்தான் ஒப்பிடும், மதிப்பை அல்ல. மின்னஞ்சல் சேகரிப்பையும் ஒருவருக்கு ஒரே பதில் என்ற அமைப்பையும் நிறுத்திவிடுங்கள். ஃபோன் அப்பாவுடையது, உள்நுழையச் சொன்னதுமே பிள்ளை விட்டுவிடும். பெயருக்குப் பதில் வரிசை எண்ணைக் கேளுங்கள்.

வீட்டுப்பாட மெசேஜ் நாளுக்கு ஒன்று. பக்க எண், கணக்கு எண்கள், ஆகும் நேரம், கணக்குத் தெரியாத அம்மாகூடப் பார்க்கக்கூடிய ஒரு அடையாளம், இவ்வளவு போதும். "5 கணக்கு, 30 நிமிடம். ஒவ்வொரு கணக்கிலும் கடைசி வரி கட்டம் போட்டிருக்க வேண்டும்" என்பது போல. ஃபோன் இல்லாத வீடும் உண்டு, அதனால் இதே வரி மாலை மணியடிக்கும் முன் பலகையிலும் இருக்க வேண்டும். ஃபோனில் மட்டும் கொடுத்த வீட்டுப்பாடத்துக்கு யாரையும் நிற்க வைக்காதீர்கள்.

மற்ற நேரத்தில் 'அட்மின் மட்டும்' அமைப்பு இருக்கட்டும். ஃபோன் வீடு திரும்பும் நேரம் பார்த்து, இரவு 7.30 முதல் 8.30 வரை சந்தேகத்துக்குத் திறந்துவிடுங்கள். முழுப் பக்கத்தை அனுப்பாமல், நின்றுபோன வரியை வட்டமிட்டு அனுப்பச் சொல்லுங்கள். நீங்களும் அடுத்த ஒரு வரிக்கான குறிப்பை மட்டும் கொடுங்கள். மதிப்பெண்ணைக் குழுவில் போடவே கூடாது.

16ஆவது வாரம் முடியும்போது ஃபார்ம்களில் வகுப்பாசிரியரின் கூகுள் கணக்கைத் திருத்துபவராகச் சேர்த்துவிடுங்கள். உங்கள் ஃபோனில் இருக்கும் பிள்ளைகளின் நோட்டுப் படங்களை அழித்துவிட்டு, விடைபெறும் மெசேஜ் ஒன்று போட்டுக் குழுவிலிருந்து வெளியேறுங்கள்.